சாக்கு ஊசி துளைக்காத கால் உறை

மகன்,

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பாதி பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ உடனே தொலைபேசி எடுத்து அம்மாவைப் பயப்படுத்துவாய். எனக்கு வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, இடது கண்ணில் வெள்ளை படர்ந்துகொண்டு வருகிறது, அம்மாவுக்குச் சீனி வருத்தம் முன்போலத்தான். சுக விசாரிப்பு இத்தோடு முடிந்தது. கடதாசியில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொலைபேசியில் என்றால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். பதினொரு வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய நான்கு படங்களையும் பார்த்தேன். நான்கும் வேட்டைக்காரர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற உறைகள். எது நல்லது, எது நாலைந்து வருடம் உழைக்கும் என்று கேட்டிருந்தாய். அவுஸ்திரேலியாவில் மரை மான் சுட அரசாங்கமே அனுமதி அட்டை தருகிறது என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே இருந்துதான் எந்தக் காலத்திலோ கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம், இப்போது அவை அங்கே மலைநிறையப் பெருகிக் கிடக்கின்றனவாம். அப்பன் நெடுங்கேணிக் காட்டுக்குள் பொலிசுக்குப் பயந்து பயந்து செய்த வேலையை மகன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திச் செய்யப் போகிறான். நல்லது, செய். நான் தடுக்க வரவில்லை.

ஆனால் அந்தப் படங்களோடு நீ ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தாய். அம்மா அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்டார். "நான் தயா மாமா மாதிரி இல்லையப்பா, சூடெண்டு உறையைக் கழட்டிப்போட்டு நடக்கமாட்டன்" என்று சொல்லி நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்தார். "ஓமடா, அவனை மாதிரி சொல்வழி கேளாமல் இருந்திடாதை" என்று தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. புது உறை வந்ததும் பழையதை உன்னோடு கூட வருகிற வேலைத்தலத்துச் சிநேகிதனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். அவன் பின்னால்தானே வரப் போகிறான், அவனுக்கு அது போதும் என்றாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனதாக அம்மா நினைத்திருப்பார்.

முதலில் உறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் வேறு கதை கதைக்கக் கூடாது. உன் முதலாவது படத்தில் இருக்கிறது பார், ஒட்டுப்பட்டியால் மூடுவது, அதைத் தொடாதே. காட்டில் ஒரு கிழமை நடந்தால் ஒட்டுப்பட்டி முழுக்க நாயுருவி விதையும் புல்லும் ஏறிவிடும், பிறகு அது எதையும் பிடிக்காது. இரண்டாவது இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்தது. சேறு உள்ளே போய்க் காய்ந்தால் சிப் அசையாது. அவசரத்துக்குக் கழற்ற முடியாத உறை காலுக்கு விலங்கு போட்டது போலத்தான். வாரும் கொக்கியும் வைத்ததை வாங்கு. கொக்கி காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் இரண்டு காலும் ஒன்றோடொன்று கொழுவி உன்னை முகம்குப்புற விழுத்தும், கையில் குண்டு ஏற்றிய துவக்கு இருக்கும் என்பதை மறந்துவிடாதே. பாதத்துக்கு அடியால் போகிற வார்தான் முதலில் தேயும், ஆகவே அது தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா என்று கேள். துணி உரசும்போது சத்தம் போடுகிறதா என்று கடையிலேயே நடந்து பார். மரைக்குக் காது பொல்லாதது. நீ பற்றைக்குள் சர் சர் என்று நடந்தால் உன் அனுமதி அட்டையை அதற்குக் காட்டிவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வாங்கிக்கொண்டு வந்ததும், நெல்லுச் சாக்குத் தைக்கிற பெரிய ஊசி இருக்கிறதல்லவா, அப்படி ஒன்றைத் தேடி எடுத்து அந்த உறையை மரப்பலகையில் விரித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திக் குத்திப் பார். அங்கே உள்ள பாம்புகளைப் பற்றி எனக்குத் தெரியாது. இங்கே உள்ள புடையனின் பல் நீளமானது. சாக்கு ஊசி போகிற இடத்தால் அதுவும் போகும். ஊசி துளைக்காத உறைதான் உறை. துளைத்தால் அது காலுக்கு உடுத்திய சட்டை, அவ்வளவுதான். கடைக்காரன் என்ன சொன்னாலும் சரி, விலை எத்தனையானாலும் சரி, ஊசியால் குத்திப் பார்க்காமல் காட்டுக்குள் கால் வைக்காதே. இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க வேண்டும். நான் குத்திப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நாங்கள் மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கிய காலம் உனக்கு நினைவிருக்கும். வயல் ஓரத்துக் காடு வயலுக்குள் வந்திருந்தது. பன்றி இரவில் இறங்கினால் காலையில் கதிர் இருக்காது. அயலில் ஒருவரிடம் பயிர்க் காவலுக்கென்று அனுமதியோடு வாங்கிய துவக்கு இருந்தது. அதை இரவல் வாங்கித்தான் நானும் தயா மாமாவும் பன்றிக்குப் போகத் தொடங்கினோம். பன்றியில் தொடங்கிய ஆசை மரையில் போய் நின்றது. அது சட்டத்துக்கு விரோதம் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இறைச்சிக்காக என்று சொல்லிக்கொண்டோம். எல்லாவற்றையும் இழந்து வந்த இரண்டு ஆம்பிளைகளுக்குத் தாங்கள் கெட்டித்தனமாய்ச் செய்கிற காரியம் ஏதாவது ஒன்று தேவைப்பட்டது என்பதுதான் உண்மை. நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய், பிறகு வெளிநாடு போய்விட்டாய்.

காட்டுக்குள் நாங்கள் நடந்த விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும். வேறு ஊர் வேட்டைக்காரர் பரந்து நடப்பார்கள். எங்களால் அது முடியாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்தான், ஆனால் கண்ணிவெடி எல்லாம் எடுத்துவிட்டோம் என்று யார் சொன்னாலும் எங்கள் கால் அதை நம்பவில்லை. மாடு போன தடம், யானை போன தடம், அதை விட்டு விலகமாட்டோம். முன்னால் போகிறவன் எங்கே அடி வைக்கிறானோ அதே அடியில்தான் பின்னால் வருகிறவன் அடி வைக்க வேண்டும். இதை நான்தான் தயாவுக்குப் பழக்கினேன். "என்ரை காலடியை விட்டுட்டு வேறை இடத்திலை மிதிச்சியெண்டால் துவக்குப் பிடியாலை அடிப்பன்" என்று சொல்லியிருக்கிறேன். அவன் சொன்னபடி நடந்தான். பொலிகண்டியில் பிறந்த கடற்கரைப் பெடியன், காடு தெரியாது, என் பாதத்தின் அச்சுக்குள் தன் பாதத்தை வைத்து வைத்து நடந்து காட்டைப் பழகினான்.

அவன் அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே தம்பி என்பது உனக்குத் தெரியும். மற்ற இருவரையும் போர் கொண்டுபோயிற்று. அதனால் அவன் என்னோடு காட்டுக்கு வருவது அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். காலுக்கு உறை போடாமல் படலையைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் படலையடியில் நின்று அவனுடைய இரண்டு காலையும் பார்த்துவிட்டுத்தான் விடுவார். முப்பத்தாறு வயது ஆள், பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சாரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு வருவான். எனக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். என் காலை அவர் பார்த்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

அந்த உறைகளைத் தைத்தது நான். பரந்தனில் லொறிப் படங்கு தைக்கிற ஒருவரிடம் தடித்த கன்வஸ் துண்டொன்று கிடைத்தது. நல்ல துண்டு, ஆனால் சின்னது. ஒற்றைப் பட்டாக, ஒரே அடுக்காகத் தைத்தால் இரண்டு பேருக்கும் வரும். இரட்டைப் பட்டாக மடித்து, நடுவில் பழைய நீலப் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் பரலை வெட்டி வைத்துத் தைத்தால் ஒருவருக்குத்தான் வரும். நான் ஒருவருக்குத் தைத்தேன். எனக்கு. தயாவுக்கு உழவு இயந்திரத்தின் கிழிந்த ரியூப்பை வெட்டி, சைக்கிள் ரியூப்பால் வார் வைத்துக் கொடுத்தேன். பார்வைக்கு அதுதான் தடிப்பாகவும் கறுப்பாகவும் இருந்தது. அவன் அதைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் பட்டாளத்து நடை நடந்து காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்தான். "அத்தான், உங்கடையைவிட என்ரை வடிவாயிருக்கு" என்றான். நானும் ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் நான் தனியே இருந்து இரண்டையும் சாக்கு ஊசியால் குத்திப் பார்த்தேன். என்னுடையதில் ஊசி வளைந்தது. அவனுடையதில் ஊசி சத்தமில்லாமல் உள்ளே போய் மறுபக்கம் ஒரு விரல் நீளம் வெளியே வந்தது. ரப்பர் என்பதால் ஊசியை இழுத்ததும் ஓட்டையும் மூடிக்கொண்டது, குத்திய இடமே தெரியவில்லை. நான் அதை மடித்து வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. முன்னால் போகிறவனைத்தான் பாம்பு கொத்தும், நான்தானே முன்னால் போகிறேன், பின்னால் வருகிறவனுக்கு இது போதும் என்று எனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டேன். நீ குரல் பதிவில் சொன்ன அதே வார்த்தை. அதனால்தான் மகன், அன்று என்னால் அந்த இடத்தில் இருக்க முடியாமல் போயிற்று.

அது மாசி மாதம், அறுவடை முடிந்த கையோடு. விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் போனோம். முதல் நாள் காயப்பட்ட ஒரு மரையின் தடம் இருந்தது, இலைகளில் இரத்தம் காய்ந்திருந்தது. அதைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தோம். ஓர் ஈஞ்சம்பற்றையைத் தாண்டும்போது என் வலது கால் சருகில் மெத்தென்று ஏதோ ஒன்றில் பட்டது போல இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. கண் முழுக்க இரத்தத் தடத்தில் இருந்தது. இரண்டு அடி வைத்திருப்பேன். தயா என் அடியிலேயே அடி வைத்தான். மிதித்து எழுப்பியவன் நான், எழும்பின பிறகு அந்த இடத்துக்கு வந்த கால் அவனுடையது. நான் பழக்கின பழக்கம் ஓர் அங்குலம் பிசகாமல் அவனை அங்கே கொண்டுபோய் வைத்தது.

"அத்தான், முள்ளு ஏறிப்போட்டுது போலை" என்றான்.

"சூரை முள்ளாயிருக்கும். பிறகு பாப்பம், வா."

"நல்லா எரியுது."

"நீ கழட்டிப் பாத்து, பிறகு கட்டி முடிக்க மரை வவுனியாவுக்குப் போயிடும். வா."

அவன் வந்தான். அரை மணித்தியாலத்துக்கு மேல் வந்தான். ஒரு கட்டை, ஒரு மைல் தூரம் இருக்கும். நொண்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் திரும்பவில்லை. புடையன் கடித்தால் நடக்கக் கூடாது, நடக்க நடக்க விஷம் ஏறும் என்று பிறகுதான் வைத்தியர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் பின்னால் வருகிறவன் வலிக்கிறது என்று சொன்னால் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் காறித் துப்பியபோது எச்சில் சிவப்பாக இருந்தது. "வெத்திலை போட்டனீயோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். பல் ஈறு முழுக்க இரத்தம். அப்போதுதான் உறையைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பார்த்தேன். ரப்பருக்குள் கால் ஊதி இறுகிப்போய் இருந்தது. கெண்டையில் இரண்டு புள்ளி.

துவக்கைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மோட்டார் சைக்கிள் காட்டோரத்தில் நின்றது. அவனால் பிடித்துக்கொண்டு இருக்க முடியவில்லை. என் சாரத்தை அவிழ்த்து அவனை என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வெறும் காற்சட்டையோடு ஓடினேன். அவனுடைய தலை சாய்ந்து நாடி என் தோளில் இடித்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வரும்போது காதடியில் சொன்னான். "அத்தான், இதைக் கழட்டிப்போடாதேங்கோ. அக்கா வந்து பாக்கட்டும். நான் போட்டிருந்தனான் எண்டு அவாவுக்குத் தெரியோணும். இல்லாட்டி பேசுவா." அவன் உயிரைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா ஏசுவா என்பதுதான் அவனுடைய கவலையாக இருந்தது. நான் "ஓம், ஓம்" என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் ஒரு மதகு இருக்கிறது. அங்கே நிறுத்தினேன். கடித்தது எங்கே, எப்படி என்று கேட்பார்கள், ரப்பர் உறையோடு போனால் வேட்டை என்று தெரியும், துவக்கு யாருடையது என்று வரும், துவக்குத் தந்தவரும் மாட்டுவார். இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் என் மண்டையில் ஓடியது. அந்த மண்டை அவனுக்கு முள் என்று சொன்ன மண்டைதான். கத்தியால் வாரை அறுத்து அவனுடைய இரண்டு உறையையும் என்னுடையதையும் மதகுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரில் போட்டேன். அவன் கண் பாதி மூடியிருந்தது. கண்டானோ இல்லையோ எனக்குத் தெரியாது. கண்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவனை உள்ளே கொண்டுபோய், வயலில் வரம்பு வெட்டும்போது கடித்தது, காலில் ஒன்றும் போட்டிருக்கவில்லை என்று சொன்னேன். வவுனியாவுக்கு மாற்றினார்கள். அங்கே செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், அவர்களில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் பிந்திப் போய்விட்டோம். சிறுநீரகம் வேலை செய்யாமல் மூன்றாம் நாள் போய்விட்டான்.

இதுவரை நான் பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இனி எழுதப் போவதற்கு அந்தச் சாட்டும் இல்லை. அம்மா வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது தயா கதைக்கிற நிலையில் இல்லை. விறாந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அவன் உறை போட்டிருந்தவனோ?" பக்கத்தில் பொலிசும் இல்லை, எழுதுவினைஞரும் இல்லை. நானும் அவரும் மட்டும்தான். போட்டிருந்தான் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, பிறகு எப்படிக் கடித்தது என்று வரும். நான் தைத்த உறை, நான் ஊசியால் குத்திப் பார்த்த உறை. "சூடெண்டு கழட்டிப்போட்டான். நான் சொல்லியும் கேக்கேல்லை" என்றேன். அம்மா கையை எடுத்துவிட்டுச் சுவரோடு போய் நின்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது, மகன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

செத்தவீட்டில் மற்றப் பெண்கள் அழ, அம்மா அவனைப் பேசினார். "உனக்கு நான் என்ன சொல்லி விட்டனான், அக்கான்ரை ஒரு சொல்லுக் கேக்க ஏலாதோடா உனக்கு" என்று பெட்டியைப் பிடித்து உலுக்கினார். நீ அவுஸ்திரேலியாவில் இருந்து தொலைபேசி எடுத்தபோது உனக்கும் அதைத்தான் சொன்னார். ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று அவனுக்குப் பிடித்த இறால் பொரித்துப் படைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் நின்று ஏசுவார். ஊரில் யாராவது பிள்ளை சொல்வழி கேட்காவிட்டால் என் தம்பியின் கதை தெரியுமா என்று தொடங்குவார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், சிலவேளை தலையும் ஆட்டுவேன். தன் அக்காவின் சொல்லைக் காப்பாற்றுவதற்காக எரிகிற காலோடு ஒரு கட்டைத் தூரம் அந்த ரப்பரைச் சுமந்து நடந்த ஒருவனை, எங்கள் வீட்டில் சொல்வழி கேளாதவனுக்கு உதாரணமாக வைத்திருந்தோம். உன்னுடைய பகிடியில் உன் பிழை ஒன்றும் இல்லை. அதை உனக்குச் சொல்லித் தந்தவன் நான்.

பன்றிக்கோ மரைக்கோ அதற்குப் பிறகு நான் போனதில்லை. கால் ஏலாது என்று எல்லோருக்கும் சொன்னேன், அப்போது எனக்குக் கால் நன்றாக ஏலும். வேட்டையை விட்டதால் ஏதோ கழிந்துவிட்டது என்று சில வருடம் நினைத்துக்கொண்டேன். ஒன்றும் கழியவில்லை. நான் விட்டது எனக்குப் பிடித்த ஒரு விளையாட்டை. அவனிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஆகவே மகன், இந்த உறை விசயத்தில் நான் சொல்கிறதைக் கேள். நல்ல உறை வாங்கக் காசு இருந்தால் இரண்டு சோடி வாங்கு. ஒன்றுக்குத்தான் இருந்தால் வேட்டைக்குப் போகாதே, அல்லது நல்லதை அந்தச் சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டு நீ பழையதைப் போட்டுக்கொண்டு போ. பழையதை அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அது எவ்வளவு பழையது என்று அவனுக்குச் சொல்லிக் கொடு. ஊசியால் குத்தி அவன் கண்ணுக்கு முன்னாலேயே காட்டு. வருவதும் வராததும் அவன் பாடு. தெரிந்துகொண்டு வருகிறவனுக்கும் உன்னை நம்பிக்கொண்டு வருகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனோ தெரியாது. பின்னால் வருகிறவன் நோகிறது என்றால் நில். மரை போனால் போகட்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு கடித உறையில் போட்டு ஒட்டலாம் என்று இருந்தபோதுதான், உனக்கு எழுதிவிட்டு அம்மாவுக்குச் சொல்லாமல் விடுவது இன்னொரு களவு என்று பட்டது. நீ வாசித்துவிட்டு அவருக்குச் சொல்லுவாய் என்று பாரத்தை உன் தலையில் கட்டிவிடப் பார்த்திருக்கிறேன். வயது போயும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் குசினிக்குள் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஊசியில் இருந்து மதகு வரைக்கும், பிறகு விறாந்தை வரைக்கும் சொன்னேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. ஆய்ந்த இலையும் காம்பும் ஒரே சுளகில் விழுந்துகொண்டிருந்தன.

"கடிச்ச பிறகு எவ்வளவு தூரம் நடந்தவன்?" என்று கேட்டார்.

"ஒரு கட்டை இருக்கும்."

"ஏதும் சொன்னவனோ?"

அவன் காதடியில் சொன்னதைச் சொன்னேன். அக்கா வந்து பார்க்கட்டும் என்றதை, இல்லாவிட்டால் பேசுவா என்றதை. அம்மா சுளகை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவர் என்னை ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அறைக்குள் இருந்து அவருடைய குரல் கேட்டது, சின்னப் பிள்ளையோடு கதைக்கிற குரலில். "தம்பி, அக்காவுக்குத் தெரியாதடா. பதினொரு வருசம் உன்னைப் பேசிப்போட்டன். அக்காவுக்குத் தெரியாதடா." அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவனைக் கொன்றதை மட்டும்தான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாயாலேயே அவனை ஏச வைத்தது அதைவிடப் பெரிய காரியம் என்பது குசினிப் பலகையில் இருந்துகொண்டு அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்று நாளாக அவர் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைக்கிறார், நான் தின்கிறேன். இன்று காலையில் நான் இந்தக் கடதாசிகளை மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"மகனுக்கோ எழுதுறியள்?"

"ஓம்."

"எல்லாம் எழுதினீங்களோ?"

"எழுதினனான்."

குனிந்து கடதாசிகளைப் பார்த்தார். பிறகு சொன்னார், "தயா மாமா கடைசிமட்டும் அக்கான்ரை சொல்லுக் கேட்டவன் எண்டு எழுதுங்கோ. நான் சொன்னனான் எண்டு எழுதுங்கோ. வடிவாத் தெரியிற மாதிரிப் பெரிசா எழுதுங்கோ."

கண் தெரியாததால் என் எழுத்து கோணலாகத்தான் வரும். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

தயா மாமா கடைசிமட்டும் அக்காவின் சொல்லைக் கேட்டவன். இது அம்மா சொன்னது.

அப்பா